எங்கே தேடினீர்கள், சாச்சா?



கூடுவாஞ்சேரியில் மக்தப் மதரஸா ஆசிரியனாகப் பணியாற்றும் என்னிடம் குழந்தைகள் மட்டும் வருவதில்லை. மஃரிபுத் தொழுகைக்குப் பின் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் தாய்மாரும் பாட்டிமாரும், "ஹஜ்ரத், ஒரு நிமிடம்" என்று கதவருகே நிற்பார்கள். அந்த ஒரு நிமிடம் சில நாட்களில் இஷா பாங்கு வரை நீளும். மருமகள் படுக்கையை விட்டு எழ மறுக்கிறாள். மகன் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புகிறான், ஆனால் பேசுவதில்லை. தாய் வீட்டுக்குப் போன பெண் திரும்பி வரமாட்டேன் என்கிறாள். இவற்றுக்கெல்லாம் நான் பதில் சொல்லி வந்திருக்கிறேன். நிகாஹ், தலாக் பற்றிய சட்டங்களை ஓதியிருக்கிறேன். அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழும் படித்திருக்கிறேன். எனினும், உறங்காத ஒரு பெண்ணிடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்பது அந்த இரண்டு படிப்பிலும் வரவில்லை. வரவில்லை என்பதையே நெடுநாள் நான் உணரவில்லை.

எங்கள் ஊர் வந்து குடியேறியவர்கள் நிறைந்த ஊர். இராமநாதபுரம், வாணியம்பாடி, தஞ்சைப் பகுதி எனப் பல இடங்களிலிருந்தும் மனை வாங்கி, ஜி.எஸ்.டி. சாலைக்கும் ரயில் பாதைக்கும் இருபுறமும் வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள். உம்மா ஓர் ஊரில், மாமியார் ஓர் ஊரில், கணவன் ஒரு நாட்டில். வீட்டில் மனத்தாங்கல் மூண்டால் வந்து சமாதானம் பேச அடுத்த தெருவில் பெரியம்மா இல்லை. ஆதலால் ஹஜ்ரத்தின் கதவைத் தட்டுகின்றனர்.

என் அண்ணன் மகள் சென்னையில் ஒரு கல்லூரியில் ஆலோசனை உளவியல் முதுகலை படிக்கிறாள். குடும்ப நல சிகிச்சை அவள் எடுத்துக்கொண்ட பிரிவு. சனிக்கிழமைதோறும் ஓர் ஆலோசனை மையத்தில் பயிற்சி. அன்றிரவு எங்கள் வீட்டில் தங்குவாள். மையத்தில் கண்டதைப் பற்றி ஊரோ பேரோ சொல்லமாட்டாள். அவளுடைய சாச்சி எத்தனை விதமாகக் கேட்டாலும், "அது அமானிதம் சாச்சி" என்று சிரித்து மழுப்பிவிடுவாள். பாடமாகச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்லுவாள்.

சென்ற ஆண்டு ஓர் இரவு, பிள்ளை பெற்ற தாய்மாரின் மனச்சோர்வைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். "நானும் அப்படி ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். பதிலும் சொல்லியிருக்கிறேன்" என்றேன். அவள் தலையை நிமிர்த்தி, குறை கூறும் தொனி சிறிதுமின்றிக் கேட்டாள்: "அந்தப் பதிலை எங்கே தேடினீர்கள், சாச்சா?"

நான் தேடவில்லை. அதுதான் உண்மை.

வாசகர்களே, அந்த நிகழ்ச்சியை உங்களிடம் ஒளிக்கப் போவதில்லை. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். 2013ஆம் ஆண்டு. நாற்பது கழிந்த கைக்குழந்தையுடன் ஓர் இளம்பெண்ணை அவளுடைய மாமியார் அழைத்து வந்தார். பேரனை எதிர்பார்த்த வீட்டில் பேத்தி பிறந்திருந்தாள். அந்தப் பெண்ணின் உம்மா முன்பே காலமாகிவிட்டார், உதவிக்கு ஆளில்லை. குழந்தை உறங்கும்போதும் அவள் உறங்குவதில்லை, காரணமின்றி அழுகிறாள், சமைத்ததை மறந்து விடுகிறாள். "சோம்பல், ஹஜ்ரத். எடுத்துச் சொல்லுங்கள்" என்றார் மாமியார். நான் தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். பொறுமையின் சிறப்பை எடுத்துரைத்தேன். அந்தப் பெண் ஒரு சொல்லும் பேசவில்லை. அதை நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். ஓதியதில் தவறில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஓதியதோடு நிறுத்திக்கொண்டதுதான் தவறு.

மூன்று வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் அவள் யாரிடமும் சொல்லாமல் வெளியேறி, ரயில் நிலைய நடைமேடையில் நெடுநேரம் அமர்ந்திருந்தாள். பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாள் அவள் முகத்தைக் கண்டு ஐயுற்று, பேச்சுக் கொடுத்து, கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். அந்த அம்மாள் எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்லர். கேட்கத் தெரிந்தவர். அதன் பிறகே மருத்துவமனை, மாத்திரை, ஓய்வு. அல்ஹம்துலில்லாஹ், அவள் தேறினாள். அதற்குள் ஜமாஅத்தில் பிரிவினைப் பேச்சு வரைக்கும் போயிருந்தது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் அண்ணன் மகள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். பப்மெட் என்று ஓர் அட்டவணை உண்டு. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது. 1997 முதல் உலகில் எவரும் கட்டணமின்றித் தேடலாம். அதில் அவள் தேடிய விதத்தைப் பார்த்தபோதுதான், தேடுவதும் ஒரு கலை என்று எனக்கு விளங்கிற்று. ஒரே நோய்க்கு ஒருவர் 'போஸ்ட்பார்ட்டம்' என்று எழுதுவார், மற்றொருவர் 'போஸ்ட்நேட்டல்' என்பார். ஒன்றை மட்டும் தேடினால் மற்றது கைக்கு வராது. சென்னை என்று மட்டும் தேடினால் 1996க்கு முன் 'மெட்ராஸ்' என்று எழுதப்பட்டவை தப்பிப்போகும். ஆகவே எல்லாப் பெயர்களையும் இட்டு, அதனுடன் தமிழ்நாடு, வேலூர் என்றும் சேர்த்தாள்.

வந்தது ஒரு கட்டுரை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறத் தாய்மாரை ஆய்ந்து, 2002இல் பிரிட்டனின் மனநல மருத்துவ இதழில் வெளியிட்டது. கருவுற்ற காலத்தின் இறுதியிலும், பிள்ளை பெற்ற 6 முதல் 12 வாரங்களுக்குள்ளும் அப்பெண்களைச் சந்தித்திருக்கின்றனர். பிள்ளைப்பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்குப் பதினொருவர். எவருக்கு அது மிகுதியாக வருகிறது என்றும் எழுதியிருந்தார்கள். வருமானம் குறைந்தவர்கள், ஆண் குழந்தையை விரும்பிய வீட்டில் பெண்ணைப் பெற்றவர்கள், மாமியாருடனோ தாய் தந்தையுடனோ மனக்கசப்பு உள்ளவர்கள், கருவுற்றிருந்தபோது துன்ப நிகழ்ச்சிகளைக் கண்டவர்கள், கைவேலைக்கு உதவி கிட்டாதவர்கள்.

அவள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, என் முன்னால் அந்த மௌனமான பெண்ணின் முகம் வந்து நின்றது. நான் 'பொறுமையாக இரும்மா' என்று சொன்ன நாளில் இந்தக் கட்டுரை அச்சாகிப் பதினோராண்டு ஆகியிருந்தது. வேலூர் எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதானே!

இன்னொன்றும் காட்டினாள். எடின்பரோ நகரத்தின் பெயரால் வழங்கும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள், 1987இல் வெளியானது. கடந்த ஏழு நாட்களில் மனநிலை எப்படி இருந்தது என்று தாயிடமே கேட்பது. அதன் தமிழ் வடிவத்தையும் நம் தாய்மாரிடம் சோதித்து 2005இல் வெளியிட்டிருக்கிறார்கள். நோய் இன்னதென்று முடிவு கட்டுவது அதன் வேலையன்று. எவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று கண்டுகொள்வதற்கு உதவுவது. "நானும் நோயை முடிவு செய்ய முடியாது சாச்சா. நான் பயிற்சியில் இருப்பவள். அனுப்பத் தெரிந்தால் போதும்" என்றாள்.

இவ்வளவையும் கண்டு, இக்காலத்துப் பயிற்சியாளர்கள் எல்லோரும் நூலகத்திலேயே குடியிருப்பதாக எண்ணிவிடாதீர்கள்! அவளே ஒப்புக்கொண்டாள். ஐயம் வந்தால் முதலில் பயிற்சி தரும் மூத்தவரைக் கேட்பார்களாம், அவர் கிடைக்காவிட்டால் உடன் படிக்கும் தோழியை, அதற்கடுத்துக் கைப்பேசி. நூலகம் கடைசியில்தான். மூத்தவரிடம் கேட்பதில் பிழையில்லை. ஆனால் அவளுடைய ஆசிரியை ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாராம்: ஏதேனும் ஒன்றைப் படித்துவிட்டு வந்தால்தான் கேள்விக்கு விடை. எனக்கு அந்த அம்மையாரை மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த வாரமே என் மாணவர்களுக்கும் அந்த நிபந்தனையை விதித்துப் பார்த்தேன். பலன் பாதிதான்.

தடைகளும் உண்டு. நல்ல கட்டுரைகள் பலவற்றின் சுருக்கம் மட்டுமே இலவசம். முழுவதும் படிக்கப் பணம் கட்ட வேண்டும். ஒரு கட்டுரைக்கு அவர்கள் கேட்கும் டாலரை ரூபாயாக்கினால், மாணவியின் ஒரு மாதப் பேருந்துச் செலவைத் தாண்டும். மத்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். 2025 ஜனவரியில் தொடக்கம். நல்ல திட்டமே. ஆனால் முதற்கட்டத்தில் அது அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு என்று அமைந்தது. இவள் படிப்பதோ தனியார் கல்லூரி. கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதி, "ஒரு படி அனுப்ப இயலுமா?" என்று கேட்பாளாம். பெரும்பாலோர் அனுப்பி விடுகிறார்கள் என்று கேட்டு வியந்தேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் 'சோத்கங்கா' என்னும் தொகுப்பும் கட்டணமில்லாதது. மாதம் ஒருமுறை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் போய்வருவாள்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். கேட்டதற்கெல்லாம் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் ஒருநாள் அவள் ஆதாரம் கேட்டாள். அதுவும் ஆசிரியர் பெயர், இதழின் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டு ஒரு கட்டுரையைக் காட்டியது. அந்த இதழின் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தால், அங்கே இருந்தது முற்றிலும் வேறொரு கட்டுரை! அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை. அவள் திகைத்தாள், எனக்குத் திகைப்பு வரவில்லை. ஹதீஸ் கலை ஓதியவன் அல்லவா? ஸனது இல்லாத செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏற்கப்படாது. அறிவிப்பாளர் வரிசையே இட்டுக்கட்டப்படுவதும் உண்டு. ஒவ்வோர் அறிவிப்பாளரும் யார், எங்கே வாழ்ந்தார், யாரைச் சந்தித்தார், அவர் நினைவாற்றல் எத்தகையது என்று ஆராய்ந்து நூல்கள் எழுதிய முன்னோர்களின் வழியில் வந்தவர்கள் நாம். அன்றிரவு அவளுக்கு நான் ஆசிரியனானேன். "இந்த விஷயத்தில் நீங்கள்தான் சாச்சா எனக்கு வழிகாட்டி" என்றாள். ஆனால் என் மனம் உள்ளூரக் குறுகுறுத்தது. ஹதீஸுக்கு ஸனது கேட்கும் நான், 'பெண்ணுக்குச் சோம்பல்' என்ற செய்திக்கு ஏன் கேட்கவில்லை? சொன்னவர் ஒருவர்தான், அவரும் வழக்கில் ஒரு தரப்பு.

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 35ஆம் வசனம், தம்பதியரிடையே பிளவு அஞ்சப்படும்போது அவன் குடும்பத்திலிருந்து ஒருவர், அவள் குடும்பத்திலிருந்து ஒருவர் என நடுவர் இருவரை நியமிக்கச் சொல்கிறது. பலமுறை ஓதிய வசனம்தான். இருவர் ஏன் என்று நான் எண்ணியதில்லை. இரு வீட்டுச் செய்தியும் வந்து சேர வேண்டும் என்பதும் அதில் அடங்கியிருக்கலாம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இதிலும் ஒன்றை அவளிடம் கற்றேன். வீட்டில் அடி உதை இருக்குமானால் கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் சொல்லக்கூடாதாம். அங்கே சொன்னதற்கு வீட்டில் அவள் அடிவாங்குவாள். முதலில் பாதுகாப்பு, பிறகுதான் பேச்சு. நான் எத்தனை பேரை ஒரே பாயில் உட்கார வைத்திருக்கிறேன், ரப்பே!

கிடைத்த கட்டுரை மெய்யானது என்றாலும் அது யாருடைய வீட்டைப் பற்றியது என்று கேட்க வேண்டும். சால்வடோர் மினுச்சின் என்பவர் 1974இல் எழுதிய குடும்பமும் குடும்ப சிகிச்சையும் பற்றிய நூல் இத்துறையில் பெரிதும் படிக்கப்படுவது. அமெரிக்கக் குடும்பங்களைக் கண்டு எழுதியது. அதைக் கூடுவாஞ்சேரிக் கூட்டுக் குடும்பத்துக்கு அப்படியே பொருத்த முடியுமா? மனச்சிதைவு நோயாளிகளின் உறவினர் அவர்களைப் பற்றி எவ்வளவு கடிந்தும் வெறுத்தும் பேசுகின்றனர் என்று சண்டிகரில் ஆய்ந்து 1987இல் வெளியிட்டார்கள். லண்டனில் அத்தகைய குடும்பங்கள் ஏறத்தாழப் பாதி. சண்டிகரில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. லண்டன் நூலை மட்டும் படித்த பயிற்சியாளர் நம் வீட்டின் வலிமையைக் காணத் தவறுவார். சூடானைச் சேர்ந்த உளவியலறிஞர் மாலிக் பத்ரி 1979லேயே முஸ்லிம் உளவியலாளர்களின் இக்கட்டைப் பற்றி ஒரு நூல் எழுதி, மேலைக் கோட்பாடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதைக் கண்டித்தாராம். இந்தப் பெயரை என் அண்ணன் மகள் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

தமிழில் தேடினால் வேறொரு சிக்கல். எந்தச் சொல்லைக் கொண்டு தேடுவது? நாம் 'ஆலோசனை' என்கிறோம். சிலர் 'ஆற்றுப்படுத்துதல்' என்கின்றனர். சங்க இலக்கியத்து ஆற்றுப்படையை நினைவூட்டும் அழகிய சொல். பரிசில் பெற்று வந்தவன் எதிர்ப்படுபவனுக்கு வழி சொல்வதல்லவா ஆற்றுப்படை! இலங்கையிலோ 'உளவளத்துணை' என்பதே வழக்கு. அந்தச் சொல்லை இட்டுத் தேடியபோதுதான் அவளுக்கு ஒரு புதிய கதவு திறந்தது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் இணையத்தில் ஏற்றிவரும் 'நூலகம்' என்னும் தளமும், போரில் சிதைந்த குடும்பங்களைப் பற்றி யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியவையும் கிடைத்தன. தமிழ்க் குடும்பம் ஒன்றின் துயரைத் தமிழிலேயே படிக்கும்போது தலை வேறுவிதமாக அசைகிறது என்றாள்.

அறிவு எங்கோ இருக்கிறது. தேவைப்படுபவர் வேறெங்கோ நிற்கிறார். இந்த இடைவெளி எத்தகையது என்பதை நம் சமுதாயம் அறியும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட உம்மாக்களும் வாப்பாக்களும் கல்நெஞ்சர்கள் என்று நான் எண்ணவில்லை. வேலூரில் 1957 முதலே மனநல மையம் ஒன்று, குடும்பத்தார் நோயாளியுடன் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறையில் நடந்து வந்தது. அவர்களில் எத்தனை பேருக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்? சொல்லக்கூடிய இடத்தில் இருந்தவர்கள் என்னைப் போன்றவர்கள்தாமே?

என் வருகைப் பதிவேட்டின் உள் அட்டையில் அவள் ஒரு சிறு பட்டியல் எழுதி ஒட்டியிருக்கிறாள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பெண்களுக்கு 181. மனநலப் பிரிவுக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குழந்தையின் வளர்ச்சியில் ஐயமிருந்தால் முட்டுக்காட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். கடைசியாகச் சொன்ன இடத்துக்கு ஒரு தம்பதியரை அனுப்பினேன். மூன்று வயதாகியும் பேசாத பிள்ளைக்காக, 'உன் வளர்ப்பு', 'உன் வம்சம்' என்று ஒருவரையொருவர் பழித்துக்கொண்டிருந்தவர்கள். பிள்ளைக்கு இன்னது குறை, இன்னது செய்யலாம் என்று அங்கே சொன்ன பிறகு, கேளம்பாக்கம் வழியாகத் திரும்பும் பேருந்திலேயே பாதிச் சண்டை தீர்ந்துவிட்டது என்றார் அந்தக் கணவர்.

2013இல் நான் கண்ட அந்தப் பெண்? 2024இல், பதினோரு வயது மகளை மதரஸாவில் சேர்க்க வந்தாள். பெயரைப் பதிந்துகொண்ட பின், என்னை மன்னிக்கும்படி கேட்டேன். அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் தலைகுனிந்து சற்று நின்றாள். "நீங்கள் கோபமாக எதுவும் சொல்லவில்லையே ஹஜ்ரத்" என்றாள். பிறகு, "அன்றைக்கு மாமியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவர் காதில் விழாதபடி உங்கள் வீட்டுப் பெண்கள் யாராவது என்னிடம் பேசியிருந்தால், நான் சொல்லியிருப்பேன்" என்றாள். இதை எந்த நூலிலும் நான் படிக்கவில்லை. இப்போது அப்படித்தான் செய்கிறேன். அந்த வேலை என் மனைவியுடையது.

சென்ற வாரம் ஒரு பாட்டி வந்தார். மருமகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். எந்நேரமும் எரிச்சல் என்றார். தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். கூடவே, "குழந்தை உறங்கும்போது உங்கள் மருமகளும் உறங்குகிறாளா?" என்று கேட்டேன். பாட்டி நெடுநேரம் யோசித்தார்.

"தெரியவில்லையே ஹஜ்ரத். நான் பார்த்ததில்லை. இன்று இரவு பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லி, தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.